ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு



"சார், ஆல்-இன்-ஒன் வாங்கலாமா?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அதில் ஒருவர் மகளை பிளஸ் ஒன் சேர்த்திருக்கிறார், தவணையில் வாங்கப் போகிறாராம். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதினால் எல்லோருக்கும் உதவும். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் படிப்புக்காகத் தவணை கட்டி வாங்குகிறவர்களுக்கு ஆல்-இன்-ஒன் வேண்டாம். மானிட்டர் தனி, சிபியு தனி என்று வாங்குங்கள்.

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். நல்ல மானிட்டர் பத்து வருஷம்கூட உழைக்கும். உள்ளே இருக்கும் பிராசசரும் ரேமும் ஐந்தாறு வருஷத்தில் பழசாகிவிடும். ஆல்-இன்-ஒன்னில் இந்த இரண்டும் ஒரே உடம்பு. ஒன்று போனால் மற்றதும் மூலைக்குப் போகும்.

இது நடக்காத கதை அல்ல. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போட, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். தனி சிபியு வைத்திருந்தவர்கள் அதை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய மானிட்டரிலேயே வேலையைத் தொடரலாம். பழைய ஆல்-இன்-ஒன் வைத்திருந்தவர்களுக்கோ, பளிச்சென்று எரியும் திரையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அதற்காக யாருமே வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. சின்ன ஃபிளாட்டில் இடமில்லாதவர்கள், கடை கல்லாவிலும் கிளினிக் மேசையிலும் பில் போடுகிறவர்கள், வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசும் பெரியவர்கள் ஆகியோருக்கு இது வசதிதான். கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், ஒயர் தொல்லையும் குறைவு.

அப்படி வாங்குவதானால் கடையில் இவற்றைக் கேளுங்கள்:

1. ரேம் கூட்ட முடியுமா? சில மாடல்களில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். 2021-இல் வந்த ஆப்பிளின் 24 அங்குல ஐமேக்கில் பிறகு ரேம் கூட்டவே முடியாது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். கூட்ட முடியாது என்றால் முதலிலேயே 16 ஜிபி வாங்குங்கள். சேமிப்புக்கு எஸ்எஸ்டி இருக்கட்டும். பழைய ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ளதை மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

2. பிராசசர் எந்த வகை? பல ஆல்-இன்-ஒன்களில் இருப்பது லேப்டாப் பிராசசர். சூடு குறைவு, வேகமும் கொஞ்சம் குறைவு. ஆன்லைன் வகுப்புக்கும் கணக்கு வழக்குக்கும் தாராளமாகப் போதும். வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம் என்று போகிறவர்களுக்குப் போதாது.

3. எச்டிஎம்ஐ 'இன்' இருக்கிறதா? மிக முக்கியமான கேள்வி இது. பின்னால் ஒரு எச்டிஎம்ஐ துளை இருந்தால் போதாது. பல மாடல்களில் அது படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். உள்ளே வாங்கும் வசதியும் இருந்தால், கம்ப்யூட்டர் பழசான பிறகும் திரையை வெறும் மானிட்டராகப் பயன்படுத்தலாம்.

4. பழுது பார்ப்பது யார்? சாதாரண சிபியுவில் பவர் சப்ளை போனால் நம் ஊர்க் கடையிலேயே வேறு மாட்டிவிடுவார்கள். ஆல்-இன்-ஒன் போர்டு அந்தந்த மாடலுக்கே உரியது. வாரண்டி எத்தனை வருஷம், வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா என்பதை பில்லோடு எழுதி வாங்குங்கள்.

5. யுபிஎஸ் விலையைச் சேர்த்தீர்களா? பார்க்க லேப்டாப் மாதிரி மெலிதாக இருந்தாலும் உள்ளே பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும்.

6. திரையின் உயரம் மாறுமா? பலவற்றில் முன்னும் பின்னும் சாய்க்க மட்டுமே முடியும். கழுத்து வலிக்காரர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெற்றோருக்கு இன்னொன்று. பிள்ளை இரண்டு வருஷத்தில் ஹாஸ்டலுக்குப் போகும் என்றால் ஆல்-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்போது லேப்டாப்புக்கு இன்னொரு தவணை தொடங்கும். கல்லூரி வெளியூரில்தான் என்று தெரிந்தால் இப்போதே லேப்டாப் வாங்கிவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது பெரிய திரை வேண்டுமானால் ஒரு மானிட்டரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் மேசைமேல் வைத்திருக்கும் அழகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தவணை முடிந்து மூன்று வருஷம் கழித்து அது என்ன நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் மாடல் எண்ணைக் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தத் துறையிலேயே வேலை பார்க்கும் என் மாணவர்களும் பதில் சொல்லுங்கள். தவறு இருந்தால் திருத்துங்கள், வாத்தியாரைத் திருத்தக் கூச்சப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்