பூட்டு நம்முடையது, சாவி யாரிடம்?

சென்னையிலிருந்து கடலடியில் பதிக்கப்பட்ட சுமார் 2,300 கி.மீ. நீளக் கண்ணாடியிழைக் கம்பிவடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார். அது எட்டிய இடங்களுள் மத்திய அந்தமானின் ரங்கத்தும் ஒன்று. இணைய வேகம் வந்தால் வணிகம் வளரும். வணிகம் வரும் வழியிலேயே மோசடியும் வரும்.

இணையக் கணக்குகளுக்கு இன்று பலரும் நம்பியிருக்கும் இரண்டாவது காவல், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல். அலைவரிசை கிடைக்காவிட்டால் அது வந்து சேராது. வந்தாலும், போலி இணையதளத்தில் நாமே அதைப் பதிந்துவிட்டால் காவல்காரனே கதவைத் திறந்த கதைதான்.

விரல் நீளப் பாதுகாப்புச் சாவிக்கு இவ்விரு குறைகளும் இல்லை. அதைக் கணினியில் செருகித் தொட்டால் போதும். குறுஞ்செய்திக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்ட இணைய முகவரிக்கு மட்டுமே அது விடையளிக்கும். கண் ஏமாறலாம், சாவி ஏமாறாது. 2022-ல் கிளவுட்ஃபிளேர் நிறுவன ஊழியர் மூவர் போலித் தளத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டனர். ஆயினும், சாவி கட்டாயமாக இருந்ததால் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. அதே காலத்தில் இதேபோன்ற தாக்குதலுக்கு உள்ளான ட்விலியோ நிறுவனம் தப்பவில்லை.

விலை சில ஆயிரம் ரூபாய் என்பதும், தொலைந்தால் கணக்கே பூட்டிக்கொள்ளும் என்பதும் நியாயமான அச்சங்களே. ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே சுமார் 170 கி.மீ. தொலைவிலுள்ள ஊரில் மாற்றுச் சாவி மறுநாளே கிடைத்துவிடாது. ஆகவே, வாங்குவோர் இரண்டு வாங்கி, இரண்டையும் பதிவு செய்து, ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும்.

எல்லோரும் வாங்கத்தான் வேண்டுமா? பிறர் பணத்தையும் ஆவணங்களையும் கையாளும் வணிகர்கள், கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர்கள், விடுதி நடத்துவோர் அவசியம் வாங்க வேண்டும். முதலில் காக்க வேண்டியது மின்னஞ்சலை. மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழி பெரும்பாலும் அங்கேதான் உள்ளது. ஏனையோர்க்கு, இதே முறையில் இயங்கும் 'பாஸ்கீ' வசதி செல்லிடப்பேசியிலேயே செலவின்றிக் கிடைக்கிறது.

குறுஞ்செய்தி அல்லாத சரிபார்ப்பு முறைகளுக்கும் இடமளித்து 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறைகளை வெளியிட்டது. வாடிக்கையாளர் விரும்பினால் தம் சாவியையே பயன்படுத்த வங்கிகளும் வழிசெய்ய வேண்டும். இழந்த பணத்தைத் தேடி அலைவதைவிட, இழக்காமல் காப்பது எளிது.