பொய் வழக்கு, பயங்கரவாதியின் கேடயம்

செகந்திராபாத்தின் லாலாகுடா ரயில்வே தொழிலாளர்களின் ஊர். நிஜாம் காலத்து ரயில்வே 1893இல் அங்கு நிறுவிய பணிமனையில் இன்றும் ரயில் பெட்டிகள் பழுதுபார்க்கப்படுகின்றன. தெலுங்கும் உருதும் தமிழும் பேசும் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே சங்கொலிக்கு எழுந்து, ஒரே வாயிலில் நுழைந்து வேலை செய்த இடம் அது. அத்தகைய ஊரின் இரானி தேநீர்க் கடையில்கூட, எங்கேனும் குண்டு வெடித்த செய்தி வந்ததும் ஒரு கேள்வி எழுகிறது: "குற்றம் செய்யாதவனைப் போலீஸ் ஏன் பிடிக்கப் போகிறது?" இக்கேள்வி தேநீர்க் கடையோடு நின்றுவிடுவதில்லை. கட்சிக் கிளைக் கூட்டங்களிலும் அது தயங்கித் தயங்கித் தலைகாட்டுகிறது. அதற்கான விடையைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. லாலாகுடாவிலிருந்து மூசி ஆற்றைக் கடந்து பழைய நகரத்துக்குச் சென்றாலே போதும்.

2007 மே 18, வெள்ளிக்கிழமை. சார்மினாருக்கு அருகிலுள்ள மெக்கா மசூதியில் நண்பகல் தொழுகையின்போது குண்டு வெடித்தது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். அதன்பின் கொந்தளித்த மக்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் மேலும் ஐவர் மாண்டனர். மூன்று மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 25 அன்று, லும்பினி பூங்காவிலும் கோகுல் சாட் உணவகத்திலும் வெடித்த குண்டுகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. இறந்தவர்களுள் பெரும்பாலோர் சாதாரண மக்கள். நகரம் நீதி கேட்டது. அக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது.

அன்றைய காங்கிரஸ் மாநில அரசு அதற்கு அளித்த விடை என்ன? பழைய நகரத்தின் முஸ்லிம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். சிறுபான்மையினர் ஆணையம் நியமித்த வழக்கறிஞர் ரவிச்சந்தர், சிறையிலிருந்தோரை நேரில் சந்தித்து அறிக்கை அளித்தார். சட்டவிரோதக் காவலும், மின்சாரம் பாய்ச்சுதல் உள்ளிட்ட சித்திரவதைகளும் நிகழ்ந்ததற்கான சான்றுகளை அவ்வறிக்கை வெளிக்கொணர்ந்தது. வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். பின்னர் தேசிய சிறுபான்மையினர் ஆணையத்தின் பரிந்துரைப்படி, சிறையில் வாடிய 20 பேருக்குத் தலா 3 லட்சம், பிடித்து வைக்கப்பட்டிருந்த 50 பேருக்குத் தலா 20,000 என்று மொத்தம் 70 லட்சம் ரூபாயை இழப்பீடாக அரசு வழங்கியது. தன் காவல்துறை செய்த அநீதியை அரசே ஒப்புக்கொண்ட அரிய நிகழ்வு அது. ஆயினும் 2013இல் ஆந்திர உயர்நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. இளைஞர்களின் நற்பெயரும் வேலையும் படிப்பும் போயின. கைக்கு வந்த சிறு தொகைக்கும் உறுதி இல்லாமற் போயிற்று.

இது வரையில் சொன்னது அநீதியின் கதை. இதைக் கேட்டு இரங்குவோர்கூட, "நாட்டின் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை இது" என்று ஆறுதல் தேடிக்கொள்கின்றனர். அந்த ஆறுதல்தான் பொய்.

மெக்கா மசூதி வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கும், பின்னர் தேசியப் புலனாய்வு முகமைக்கும் சென்றது. விசாரணை இந்துத்துவ வட்டாரத்தை நோக்கித் திரும்பியது. 2010 டிசம்பரில் சுவாமி அசீமானந்தா தில்லியில் நீதித்துறை நடுவர்முன் வாக்குமூலம் அளித்தார். இதே வழக்குகளின் பெயரால் சிறைப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞர் ஐதராபாத் சிறையில் தமக்குச் செய்த பணிவிடையே தம் மனத்தை மாற்றியது என்று அதில் அவர் கூறியிருந்தார். பின்னர் அவ்வாக்குமூலத்தை அவரே மறுத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தனர். மோடி ஆட்சியில், 2018 ஏப்ரல் 16 அன்று அசீமானந்தா உள்ளிட்ட ஐவரும் விடுவிக்கப்பட்டனர். தீர்ப்பளித்த நீதிபதி அன்றே பதவி விலகல் கடிதம் அளித்தார். தொழுகைக்கு வந்தவர்களைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்கு அரசிடம் இன்றுவரை விடை இல்லை.

கோகுல் சாட், லும்பினி பூங்கா வழக்கு வேறொரு பாடம் சொல்கிறது. அதில் 2018 செப்டம்பரில் தண்டிக்கப்பட்டவர்கள் இந்தியன் முஜாகிதீன் அமைப்பினர். அரசு இழப்பீடு வழங்கிய அந்த எழுபது பேரில் எவரும் அவர்களுள் இல்லை. பழைய நகரத்து இளைஞர்கள் வதைக்கப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில் உண்மையான கொலைகாரர்கள் வெளியே உலவினர். அதே அமைப்பின் பெயரால் 2008 ஜூலையில் அகமதாபாத்திலும் செப்டம்பரில் தில்லியிலும் மீண்டும் குண்டுகள் வெடித்தன.

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. கோவலன் வெட்டுண்டபோது சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பாதுகாப்பாக இருந்தான். கோவலனின் சாவே அவனுக்குக் கேடயமாயிற்று. விசாரணையற்ற தண்டனை குற்றவாளியைத்தான் காக்கிறது.

"கடுமை காட்டாமல் பயங்கரவாதத்தை ஒழிக்க முடியுமா? பிரிட்டனைப் பாருங்கள்" என்று முதலாளித்துவ ஏடுகள் அறிவுரை கூறுவதுண்டு. பார்ப்போம். 1974 நவம்பரில் பர்மிங்காம் மதுக்கூடங்களில் குண்டுவெடித்து 21 பேர் இறந்தனர். எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டுக் கால் நூற்றாண்டு நீடித்தது. குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஆறு பேர் 16 ஆண்டுகள் சிறையிலிருந்து, நிரபராதிகள் என்று 1991இல் வெளியே வந்தனர். உண்மையில் குண்டு வைத்தவர்கள் ஒருபோதும் தண்டிக்கப்படவில்லை. அன்று சந்தேகத்துக்குள்ளான இனம் ஐரிஷ் மக்கள். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு முஸ்லிம்கள் வந்தனர்.

2005 ஜூலை 7 அன்று லண்டன் குண்டுவெடிப்புகளில் 52 பேர் கொல்லப்பட்டனர். ஜூலை 22 அன்று, தற்கொலைக் குண்டுதாரி என்று தவறாகக் கருதி, பிரேசில் நாட்டு மின்பணியாளர் ஒருவரைப் போலீஸ் சுரங்க ரயிலில் சுட்டுக் கொன்றது. குற்றப்பத்திரிகையின்றி 90 நாள் சிறைவைக்கும் அதிகாரத்தை டோனி பிளேர் கேட்டார். நாடாளுமன்றம் அதை நிராகரித்து 28 நாளுக்கு இசைந்தது. பின்னர் அதுவும் 14 நாளாகக் குறைந்தது. இந்தியாவிலோ, மும்பைத் தாக்குதல் நடந்த சில வாரங்களில், 2008 டிசம்பரில் திருத்தப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், ஊபா, 180 நாள் சிறைவைக்க அனுமதிக்கிறது. பிரிட்டனைக் காட்டிக் கடுமை கேட்போர் இந்த ஒப்பீட்டைச் சொல்வதில்லை.

'பிரிவென்ட்' என்னும் திட்டத்தை 2015இல் பிரிட்டன் சட்டக் கடமையாக்கியது. பள்ளி ஆசிரியரும் மருத்துவரும் தீவிரவாத மனப்போக்கைக் கண்டுபிடித்துத் தெரிவிக்க வேண்டும் என்றானது. லூட்டன் நகரில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று, தந்தை வெள்ளரிக்காய் நறுக்குவதைப் படமாக வரைந்து மழலையில் சொன்னதைக் 'குக்கர் பாம்' என்று பணியாளர்கள் புரிந்துகொண்டு புகாருக்கு ஆயத்தமான செய்தி உலகறிந்தது. வகுப்பறையை உளவுக்கூடமாக்கினால் கிடைப்பது இதுதான். பிரிட்டிஷ் உள்நாட்டு உளவுத்துறையின் முன்னாள் தலைவர் எலிசா மானிங்காம்-புல்லர், ஈராக் போர் இளம் தலைமுறையினர் சிலரைத் தீவிரவாதத்தின்பால் திருப்பியது என்று 2010இல் விசாரணைக் குழுமுன் ஒப்புக்கொண்டார். ஏகாதிபத்தியப் போரை நடத்திய அதே அரசு, குழந்தையின் படத்தில் பயங்கரவாதத்தைத் தேடியது!

இஸ்லாமிய அடிப்படைவாதத்தை இடதுசாரிகள் பூசி மெழுக வேண்டியதில்லை. அது உழைக்கும் மக்களைக் கொல்கிறது. முஸ்லிம் பெண்களையும் சிந்தனையாளர்களையும் ஒடுக்குகிறது. இந்துத்துவத்துக்கு உணவளித்து, அதனிடமிருந்தே உணவு பெறுகிறது. 2013இல் தில்சுக்நகரில் வெடித்த குண்டுகளும் நினைவில் இருக்கட்டும். அவ்வழக்கில் குறிப்பிட்ட நபர்களுக்கு எதிரான சான்றுகளைத் திரட்டி, 2016இல் ஐவரைக் குற்றவாளிகள் என்று நிறுவ முடிந்தது. பேட்டைகளை வளைத்துப் பிடிப்பதால் விளையாதது சான்று தேடும் புலனாய்வால் விளைகிறது.

லாலாகுடாவின் மூத்த தொழிலாளர்களுக்கு மற்றொன்றும் தெரியும். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை இந்திரா அரசு நசுக்கியது மிசாவாலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளாலும்தான். நாட்டின் பகைவர்க்கென்று இயற்றப்பட்ட சட்டங்கள், கூலி உயர்வு கேட்டவர்மீது பாய்ந்தன. இன்று ஊபா அதே பாதையில் செல்கிறது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக உழைத்த ஸ்டேன் சுவாமி, 2021இல் விசாரணைக் கைதியாகவே இறந்தார். பேராசிரியர் சாய்பாபா 2024 மார்ச்சில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டு, ஏழே மாதத்தில் ஐதராபாத்தில் காலமானார். ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி, 2016 முதல் 2020 வரை ஊபா வழக்குகளில் சிக்கியோர் 24,134 பேர். தண்டனை பெற்றோர் 212 பேர். அச்சட்டத்தில் வழக்கு நடைமுறையே தண்டனையாகிவிட்டது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஊபாவின் கொடிய பிரிவுகள் நீக்கப்பட வேண்டும். பொய் வழக்கால் சிறைப்பட்டோர்க்கு இழப்பீடு சட்டப்படியான உரிமையாக வேண்டும். சட்ட ஆணையமே 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் அதற்கான சட்டத்தைப் பரிந்துரைத்துவிட்டது. சித்திரவதை செய்த அதிகாரிகள் தண்டிக்கப்பட வேண்டும். குண்டுவெடிப்பில் குடும்பத்தாரை இழந்தோர்க்கு உண்மைக் குற்றவாளி யார் என்ற விடை கிடைக்க வேண்டும். இழந்தோரின் நீதியும் நிரபராதியின் நீதியும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல. இரண்டையும் ஒரே பொய் வழக்கு கொன்றுவிடுகிறது.

குற்றம் செய்யாதவனைப் போலீஸ் ஏன் பிடிக்கப் போகிறது என்று அடுத்த முறை ஒருவர் கேட்கும்போது தோழர்கள் மௌனம் காக்க வேண்டாம். குற்றம் செய்தவனைக் கண்டுபிடிப்பது கடினம், கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்வது எளிது. அதனால்தான் பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும். 2007இன் ஐதராபாத்தே அதற்குச் சான்று.