பிழை யாருடையது?



நம்மிற் பலர் இன்று நிரல் எழுதுகிறோம். பௌதிகம் பயில்வோரும் எழுதுகின்றனர்; ரசாயனம் பயில்வோரும் எழுதுகின்றனர்; புள்ளியியல் மாணவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால், எழுதிய நிரல் ஓடாமல் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நிரல் எழுதக் கற்றுக்கொண்ட அளவுக்கு நாம் பிழை தேடக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் கருத்து. இந்தக் குற்றச்சாட்டில் முதற் குற்றவாளி நானே. ஆதலால் என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எம்.எஸ்ஸி. பௌதிக மாணவன். எங்கள் ஆய்வுக்கூடத்தில், ஒரு பொருளின் மின்தடை வெப்பநிலையோடு எவ்வாறு மாறுகிறது என்று அளக்கும் கருவி ஒன்று உண்டு. திரவ நைட்ரஜனைக் கொண்டு 80 கெல்வின் வரை குளிர்வித்து, பிறகு மெல்ல மெல்லச் சூடேற விட்டு, இரவு முழுவதும் அளக்க வேண்டும். அதை இயக்குவதற்கு விண்டோஸில் ஓடும் நிரல் ஒன்றைச் சென்ற ஆண்டு சி ஷார்ப் மொழியில் எழுதினேன். அளவுகளைக் கோப்பில் பதிக்கும் வேலையைக் கருவியோடு வந்த பழைய டி.எல்.எல். ஒன்றிடம் ஒப்படைத்தேன். நிரல் நன்றாகவே ஓடியது. நானும் பெருமையோடு திரிந்தேன்.

இவ்வாண்டு தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி எங்கள் துறையில் வந்து சேர்ந்தார். சிற்றூர்க்காரர், பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. நானோ தந்தையாரின் உத்தியோகத்தை ஒட்டி ஏழு வயதில் ஊரை விட்டு வந்தவன்; தமிழை வீட்டிலும், பிறகு நம் மன்றத்திலுமாகப் படித்தவன். தம்பி தம் முதல் அளவீட்டுக்குச் ‘செம்பு முதல்நாள்’ என்று தமிழிலேயே கோப்புப் பெயர் கொடுத்தார். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடிய விடியக் கண்விழித்திருந்தார். திரையில் எண்கள் ஓடின, கோடு வளர்ந்தது. காலையில் தேடினால் கோப்பே இல்லை! எங்களுக்கு நைட்ரஜன் வாரத்தில் ஒரு நாள்தான் வரும். ஆகவே, போனது ஓர் இரவு மட்டுமன்று, ஒரு வாரம்.

என்னிடம் வந்து சொன்னார். நான் கணிப்பொறியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “தமிழில் பெயர் வைத்தால் இப்படித்தான் தம்பி, இனிமேல் இங்கிலீஷில் வை” என்றேன். “சரி அண்ணே” என்று போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். “அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது. அதே பெயரில் நோட்பேடில் ஒரு கோப்பைச் சேமித்துப் பார்த்தேன், சேமிக்கிறது. அதே கணிப்பொறி, அதே ஃபோல்டர். விண்டோஸுக்குத் தமிழ் தெரிகிறது அண்ணே, நம்ம புரோகிராமுக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது” என்றார். ‘உங்கள் புரோகிராம்’ என்று சொல்லாமல் ‘நம்ம புரோகிராம்’ என்றாரே, அந்தப் பெருந்தன்மைதான் என்னைச் சுட்டது.

அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். காரணம் இதுதான். 1991இல் வெளிவந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. 1993இல் வந்த விண்டோஸ் என்.டி. உள்ளுக்குள் யூனிகோடையே கையாண்டது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் எழுத்துக்குரிய வசதியும் வந்துவிட்டது. எனினும், பழைய நிரல்களுக்காகக் ‘கோட் பேஜ்’ என்னும் பழைய வழியையும் விண்டோஸ் திறந்தே வைத்திருக்கிறது. அந்த வழியில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. அவ்வழியே தமிழ்ச் சொல்லை அனுப்பினால், எழுத்துக்கள் எல்லாம் வினாக்குறிகளாக மாறிப் போகும். கருவியோடு வந்த டி.எல்.எல். அறிந்தது அந்தப் பழைய வழி ஒன்றே. ஆகவே, ‘செம்பு முதல்நாள்’ வெறும் வினாக்குறி வரிசையாகிவிட்டது. கோப்புப் பெயரில் வினாக்குறி வருவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. கோப்பு எப்படித் தோன்றும்?

இன்னும் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோப்பைத் திறக்க முடியவில்லை என்று அந்த டி.எல்.எல். ஒழுங்காகப் பிழை எண் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதை வாங்கிப் பார்க்கும் வரியை நான் எழுதவே இல்லை! திரையில் எண்களைக் காட்டிய பகுதி வேறாதலால், எல்லாம் நலமே நடப்பதுபோல் இரவு முழுவதும் தோன்றியது.

திருத்தம் பெரிய வேலையன்று. ஆங்கில எழுத்தாலான பெயருள்ள பொது ஃபோல்டர் ஒன்றில் டி.எல்.எல். முதலில் எழுதட்டும், அளவீடு முடிந்ததும் என் நிரல் அதைத் தமிழ்ப் பெயருக்கு மாற்றிவிடும். விண்டோஸின் தற்காலிக ஃபோல்டரை இதற்குப் பயன்படுத்தவில்லை. பயனரின் பெயரே தமிழில் இருந்தால் அந்தப் பாதையிலும் தமிழ் வந்து அதே தொல்லை நேரும். பிழை எண் வந்தால், நைட்ரஜனை ஊற்றுமுன்பே நிரல் நின்று, இன்ன காரணம் என்று சொல்லும். எல்லாம் சேர்ந்து இருபது வரிகூட இல்லை. 2019இல் வந்த விண்டோஸ் 10, 1903ஆம் பதிப்பு முதல், நிரல் தன் மேனிஃபெஸ்டில் யூ.டி.எஃப்.-8 என்று அறிவித்துவிட்டால் பழைய வழியிலேயே தமிழை அனுப்பவும் முடியும். எங்கள் கருவிக்கு வாய்த்ததோ விண்டோஸ் 7.

இப்போது சொல்லுங்கள்: பிழை யாருடையது? தமிழின் பிழையா? தம்பியின் பிழையா? என் பிழையை நான் அவர் தலையில் ஏற்றினேன் என்பதே உண்மை. இங்கிலீஷில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது, இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். செருப்புக்காகக் காலைத் தறிப்பார் உண்டோ? இது மொழிப் பற்று மட்டுமன்று. பக்கத்து மேசை நண்பர் வங்காளியிலோ இந்தியிலோ பெயர் வைத்திருந்தாலும் அவருடைய இரவும் இப்படியேதான் போயிருக்கும்.

நம் விடுதி அறைகளில் நடமாடும் வைத்தியங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு’, ‘அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்’, ‘ஆன்டிவைரஸை நிறுத்து’. காய்ச்சல் கண்டவனுக்கு வேப்பிலை அடிப்பதற்கும் இவற்றுக்கும் என்ன வேறுபாடு?

ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். ஜன்னல் உறைந்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்கிறது. உடனே கணிப்பொறி பழசு என்கிறோம். உண்மை யாது? ஜன்னலுக்கு வரும் செய்திகளை ஒரே ஒரு திரெட் வரிசையாக வாங்கிக் கவனிக்கிறது. தபாலாபீசில் இருக்கும் ஒரே குமாஸ்தாவை உள்ளே அனுப்பிப் பழைய கணக்கைக் கூட்டச் சொன்னால், வெளியே வரிசை நிற்கத்தானே செய்யும்? ஐந்து விநாடி வரை எவரும் செய்தியை வாங்காவிட்டால் விண்டோஸ் அந்த ஜன்னலை உறைந்ததாகக் கொள்கிறது. நீண்ட கணக்கை வேறொரு திரெட்டில் ஓட விடுவதே மருந்து. ஆனால் அந்த இரண்டாம் திரெட் நேரே திரையைத் தொடலாகாது. விடையை முதல் திரெட்டிடம் ஒப்படைக்க வேண்டும். இதை மறந்து வேறொரு பிழையில் விழுவோரும் பலர்.

இன்னொருவர் நிரல் தம் அறையில் ஓடுகிறது. நண்பர் அறையில் ஓடவில்லை. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரிலேயே அது தன் கோப்பை எழுதப் பார்க்கிறது. சாதாரணப் பயனரின் நிரலுக்கு அந்த உரிமை இல்லை. இதற்காக அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுப்பது, திண்ணையில் உட்கார வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே நீட்டுவதாகும். பயனருக்குரிய ஃபோல்டரில் எழுதினால் போதும். வேறொருவர் 64 பிட் நிரலில் 32 பிட் டி.எல்.எல்.லை ஏற்ற முயன்று முடியாமல், முகமறியாத தளத்திலிருந்து வேறொரு டி.எல்.எல்.லை இறக்குகிறார். நோய் தீரவில்லை, புது நோய் புகுகிறது.

எல்லாவற்றிலும் கொடியது காலியான ‘கேட்ச்’. பிழை வந்தால் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும் வரி அது. எச்சரிக்கை மணி தொல்லை தருகிறதென்று அதன் நாக்கை அறுத்தெறிவதற்கு ஒப்பானது. நான் பிழை எண்ணைப் பாராமல் விட்டதும் அதே குற்றந்தான்.

செய்ய வேண்டியது யாது? பிழைச் செய்தியை மூடிவிடாமல் முழுதும் படித்து எழுதி வையுங்கள். ஸ்டாக் டிரேஸில் உங்கள் நிரலுக்குரிய முதல் வரி எது என்று பாருங்கள். செய்தியே இல்லாமல் நிரல் மறைந்தால் ஈவன்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். அங்கே குறிப்பு இருக்கக்கூடும். பிறகு, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் ஒருசேர மாற்றி முடிவு காண்போமா? மாட்டோம் அல்லவா? அந்த ஒழுக்கத்தைக் கணிப்பொறியின் முன் மட்டும் ஏன் கைவிடுகிறோம்? நோட்பேடில் சேமித்துப் பார்த்த தம்பி செய்தது அதுவே. நிரலே எழுதத் தெரியாத அவர்தாம் எங்கள் இருவரில் விஞ்ஞானியாக நடந்துகொண்டவர்.

செயற்கை அறிவைக் கேட்டால் திருத்தித் தருகிறதே என்பீர்கள். தரட்டும், நானும் கேட்கிறேன். ஆனால், கேட்பதற்கு நோயின் குறி தெரிய வேண்டும். பிழை எண்ணை எறிந்துவிட்ட நான் எதைச் சொல்லிக் கேட்டிருப்பேன்?

நம் மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குவோம். ஓடாத நிரலைக் கொண்டு வாருங்கள். பிழைச் செய்தியை எழுதிக்கொண்டு வாருங்கள். கூடி அமர்ந்து தேடுவோம். கண்ட காரணத்தைத் தமிழில் ஒரு நோட்டில் குறித்து வைப்போம். அடுத்து வரும் தம்பி தங்கையர்க்கு அது உதவும். புதிதாக வந்தவரைப் பார்த்து ‘நீ செய்ததுதான் தப்பு’ என்று ஆராயாமல் சொல்லும் வழக்கம், அந்த ஒரு மணி நேரத்திலாவது நம்மிடம் இல்லாதிருக்கட்டும்.

சென்ற வாரம் தம்பியின் அளவீடு ஒழுங்காக முடிந்தது. ‘செம்பு இரண்டாம்நாள்’ என்ற பெயரோடு கோப்பு இருக்கிறது. அவரிடம் தனியே கேட்ட மன்னிப்பை இங்கே உங்கள் எல்லார் முன்னிலையிலும் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.