இது கட்சித் தாவல் இல்லை

போன சனிக்கிழமை மாலை, கையில் தே தாரிக்கோடு யூடியூப்பில் பழைய ரக்பி லீக் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ப்பா, இவர் போன தடவை நியூசிலாந்துச் சட்டைதானே போட்டிருந்தாரு? இப்ப டோங்காவா? தவளை மாதிரி தாவிட்டாரா?"

நம் நாட்டு அரசியலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. வேறு எப்படிக் கேட்பாள்?

அவள் கை காட்டிய ஆள் ஜேசன் டௌமலோலோ. ஆக்லாந்தில் பிறந்த டோங்கா வம்சாவளிக்காரர். நியூசிலாந்து அணியின் தூண்களில் ஒருவராக இருந்தவர், 2017 உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்பு "நான் டோங்காவுக்கே ஆடுகிறேன்" என்று கிளம்பிவிட்டார். ஆஸ்திரேலிய அணியில் இடம் கிடைத்திருந்த ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் அதே முடிவை எடுத்தார். நியூசிலாந்து ரசிகர்கள் கொதித்தார்கள். கடைசி நேரத்தில் கைவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தாவுகிறவர்கள் எந்தப் பக்கம் தாவுவார்கள்? பதவியும் பணமும் இருக்கும் பக்கம். இவர்கள் போனதோ ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு தீவு நாட்டுக்கு. ஆஸ்திரேலியச் சட்டைக்குக் கிடைக்கும் சம்பளம் அங்கே கிடைக்காது.

அந்த ஆண்டு ஹாமில்டனில் டோங்காவும் நியூசிலாந்தும் மோதின. இடைவேளையில் 16-2 எனப் பின்தங்கியிருந்த டோங்கா, கடைசியில் 28-22 என்று வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது. இரண்டு ஆண்டு கழித்து, 2019 நவம்பரில், ஆஸ்திரேலியாவையே 16-12 என்று கவிழ்த்தது. ரக்பி லீக்கில் அதுவரை யாரும் கற்பனை செய்யாத முடிவு அது.

அடுத்து சமோவாவின் முறை. 2022-இல் நடந்த உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே இங்கிலாந்து அவர்களை 60-6 என்று துவைத்து எடுத்தது. ஊரே சிரித்தது. அதே இங்கிலாந்தை அரையிறுதியில் சமோவா 27-26 என்று வீழ்த்தியது. கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் கிரைட்டன் உதைத்த அந்த ஒற்றைப் புள்ளியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இதற்கெல்லாம் வழிவிட்டது விதிமுறைதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே ஒருவர் ஆடலாம். ஆனால் அந்தப் பெரிய அணியிலிருந்து, தகுதி இருந்தால், பெற்றோரின் சிறிய நாட்டுக்குப் போகலாம். இது சரியான விதி என்பது என் கட்சி. இந்த வழியை அடைத்தால் பழையபடி மூன்று நாடுகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் விளையாட்டாகிவிடும்.

என் கோபமெல்லாம் பெரிய நாடுகள் மேல்தான். டோங்காவிடம் தோற்ற பிறகு ஆஸ்திரேலியா அடுத்த அனைத்துலக ஆட்டத்தில் இறங்கியது 2022 அக்டோபரில். ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி! கொவிட் காலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்தில் உள்நாட்டு லீக் நடந்தது, குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜினும் நடந்தது. பணம் வருகிற ஆட்டத்துக்கு வழி பிறக்கிறது, சின்ன நாடுகளோடு ஆடத்தான் நேரமில்லை.

என் தம்பி இருபது வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். ஆனால் தைப்பூசம் என்றால் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வந்துவிடுவான். சோறு போடும் ஊரை அவன் மறக்கவில்லை, அம்மாவின் ஊரையும் விடவில்லை. அவனை யாரும் தாவினவன் என்று சொன்னதில்லை.

இதை மகளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "சித்தப்பா காவடி எடுக்கிற மாதிரியா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

2026 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் அடுத்த உலகக் கிண்ணம். சிட்னியில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு மாலை ஐந்து, தேநீர் நேரம். நான் டோங்கா பக்கம். மகள் இப்போதே சமோவா என்று சொல்லிவிட்டாள். பாதியில் அவள் மனம் மாறினாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் தாவல் தடைச் சட்டம் கிடையாது.