மேதையும் மாத்திரையும்

இராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் கடந்து சென்றால், கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. ஒருபுறம் கழிமுகம், மறுபுறம் கடல், நிமிர்ந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மீன் வணிகம் செய்யும் நம் நண்பர் ஒருவரிடம் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் சில வாரங்களாகத் தலைகாட்டவில்லை. விசாரித்து வரலாம் என்று நண்பர் புறப்பட்டபோது நாமும் உடன் சென்றோம். இளைஞர் படுத்திருந்தார். காசநோய். அரசு தந்த மாத்திரைகளை இரண்டு மாதம் உண்டவர், இருமல் அடங்கியதும் நிறுத்திவிட்டார். இப்போது மீண்டும் இருமல். மீண்டும் இரவுக் காய்ச்சல். அவருடைய தாயார் நம் நண்பரிடம் கேட்டார்:

“பாய், இதுக்குப் புதுசா மருந்து கண்டுபிடிக்கிறாங்களாமே, ஒரே ஊசியில போயிடுமாமே, அது எப்ப வரும்?”

கைபேசியில் மகன் பார்த்த கதை ஒன்றில் அப்படி வருகிறதாம். கதாநாயகன் பத்து மொழிகள் அறிந்தவன். இரசாயனமும் வானியலும் சங்கீதமும் அவனுக்குக் கைவந்த கலைகள். கொள்ளை நோய் ஊரை வாரிக்கொண்டு போகிறது. ஊரே தூங்க, இவன் ஒருவன் விழித்திருந்து, கடைசி நாழிகையில் மருந்தைக் கண்டுவிடுகிறான். கதை முடிகிறது. அந்த மருந்தை யார் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள், யார் எத்தனை மாதம் விழுங்கினார்கள் என்பது கதையில் இல்லை.

அந்தத் தாய்க்கு நாம் அங்கேயே பதில் சொல்லிவிட்டோம். அவருக்கு இந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தவர்களுக்குத்தான் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுள் கதை எழுதுவோர் மட்டுமல்லர், நாமும் இருக்கிறோம்.

நம் விழா மேடைகளை எண்ணிப் பாருங்கள். மருத்துவம் என்ற சொல் வந்தவுடன் இப்னு சீனாவும் அர்ராஸியும் வரிசையாக வந்து நிற்பார்கள். தத்துவம், கணிதம், மருத்துவம் என்று அவர்கள் தொடாத துறை இல்லை என்று பேச்சாளர் முழங்குவார், நாமும் கைதட்டுவோம். தவறில்லை. ஆனால் காசநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக் கூடியது என்று அதே இப்னு சீனா தம் ‘அல் கானூன்’ நூலில் எழுதி வைத்தார். அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறவர், மூன்று வாரமாக இருமும் தம் மகளைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போக அஞ்சுகிறாரே, ஏன்? சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் நிக்காஹ் நின்றுபோகும். ஆகவே அது ‘நெஞ்சுச் சளி’ ஆகிவிடுகிறது. மணமாகிப் போன பெண்ணோ, மாமியார் கண்ணில் படாமல் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். ஒளிக்க இடம் கிடைக்காத நாளில் விழுங்காமல் விட்டுவிடுகிறாள். முறையாக மருந்து உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடம் நோய் பரவும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. மருந்து உண்ணும் மருமகளால் வீட்டுக்கு ஆபத்து இல்லை. மறைக்கப்பட்ட மருமகளால்தான் உண்டு. இந்தக் கொடுமை எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

கதை மேதை என்றால் நம் மரபிலேயே ஒருவன் இருக்கிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசிய மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு துஃபைல் படைத்த ஹய்யு இப்னு யக்ஸான். ஆளில்லாத் தீவில் ஒரு மானின் பாலுண்டு வளர்ந்த குழந்தை. ஆசிரியர் இல்லாமலே உலகின் அறிவையெல்லாம் தானாகத் தேடிக்கொள்பவன். ஆனால் அவனுடைய கல்வி எங்கே தொடங்குகிறது? வளர்த்த தாய்மான் அசைவற்றுக் கிடக்கிறது. எந்த உறுப்பு தடைப்பட்டது, அதை நீக்கினால் எழுந்துவிடுமா என்ற தவிப்பில், கூரிய கல்லாலும் நாணலாலும் அதன் மார்பைத் திறந்து இதயம் வரை செல்கிறான். எதைத் தேடினானோ அது அங்கிருந்து போய்விட்டது என்று அறிகிறான். மான் எழவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர் எழுதிய கதையில் மேதை தோற்றான். இன்றைய கதைகளுக்கு இல்லாத நேர்மை இது.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். காசநோயை வெல்ல ஓர் உண்மையான மேதை ஓடிய ஓட்டம் 1890இல் நிகழ்ந்தது. ஓடியவர் ராபர்ட் கோக். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்து உலகை வியக்க வைத்தவர் அவர். அதில் ஐயமே இல்லை. எட்டாண்டுகள் கழித்து, அதே பெர்லினில், நோயைத் தடுத்து நிறுத்தும் பொருள் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். அது எதனால் ஆனது என்பதை மட்டும் சில மாதங்கள் சொல்ல மறுத்தார். சொன்னவர் கோக் ஆயிற்றே, யார் கேள்வி கேட்பது? நாடுகள்தோறுமிருந்து நோயாளிகள் பெர்லினுக்கு விரைந்தார்கள், விடுதிகள் நிரம்பின. அந்தக் கூட்டத்தோடு இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் மருத்துவரும் போய்ச் சேர்ந்தார். செய்முறை விளக்கக் கூடத்துக்குள் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. உள்ளே போய்வந்த ஓர் அமெரிக்க மருத்துவரின் குறிப்புகளைப் பார்த்தார், நோயாளிகளையும் பார்த்தார். இது நோயைக் குணமாக்கும் மருந்தென்று நம்புவதற்கில்லை என்று எழுதினார். அவர் பெயர் ஆர்தர் கானன் டாயில்.

ஆம், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவரேதான். இரசாயனம் முதல் வயலின் வரை அறிந்த, எந்தப் புதிரையும் தனியொருவனாய் அவிழ்க்கும் கற்பனை மேதையை உலகுக்குத் தந்தவர், உண்மையான மேதையை நேரில் பார்க்கப் போனபோது நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்கைக் கேட்டார். அவர் சொன்னதே சரியாயிற்று. கோக்கின் மருந்து யாரையும் குணப்படுத்தவில்லை. சிலருக்குக் கேடும் செய்தது. பின்னாளில் அது நோய்த்தொற்றைக் கண்டறியும் தோல் சோதனைக்குப் பயன்பட்டது என்பது வேறு செய்தி. மூன்றாண்டுகள் கழித்து, 1893இல், டாயிலின் மனைவிக்கே காசநோய் கண்டது. 1906இல் இறந்தார். ஹோம்ஸால் என்ன செய்ய முடிந்தது?

“நம் சென்னையிலேயே படித்த சுப்பாராவ் இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறார். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, உடன்பிறந்தோரைக் குடல் நோய்க்குப் பறிகொடுத்த துயரோடு 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் உண்மையிலேயே பெரும் மேதை. ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய்க்கான மருந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலில் பின்வாங்கச் செய்த மருந்து என்று அவர் வழிநடத்திய ஆய்வுகள் பல. ஆனால் அவை எவையும் தனியொருவர் விழித்திருந்த இரவில் பிறந்தவை அல்ல. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பை அறிவித்த கட்டுரையில் பலர் பெயர் இருக்கிறது. அவர் 1948இல் மறைந்தார். இன்று காசநோய்க்குத் தரும் மாத்திரைகளுள் ஒன்றான எத்தாம்பியூட்டால், அவர் பணியாற்றிய அதே லெடர்லி நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் 1961இல் வெளிப்பட்டது. அதைக் கண்டவர்களின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

இன்னொரு மேதையையும் நினைக்கவேண்டும். இந்த வடசென்னைத் துறைமுகத்தின் அலுவலகத்தில் 1912இல் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன். இங்கிலாந்தில் நோயுற்றபோது காசநோய் என்று முடிவுகட்டி ஆரோக்கிய நிலையங்களில் வைத்திருந்தார்கள். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், 32 வயதில், உயிர் பிரிந்தது. அவருடைய நோய்க் குறிப்புகளை 1994இல் ஆராய்ந்த ஒருவர், அது காசநோயே அல்ல, அமீபாவால் வரும் கல்லீரல் நோய் என்று வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றால், அக்காலத்திலேயே குணமாக்கக் கூடிய நோய் அது. எண்களின் இரகசியங்களை அறிந்தவருக்கு வேறொரு மேதை தேவைப்படவில்லை. பொறுமையாகச் சோதித்துப் பார்க்கும் ஒரு சாதாரண மருத்துவர் போதுமாயிருந்தது.

அதே சேத்துப்பட்டில் 1956இல் ஒரு காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கியது. நம் மேடைகளில் யாரும் பேசாத வரலாறு இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்லுகிறோம். அந்நாளில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு. சௌரி முத்து என்ற மருத்துவர் 1928இல் தாம்பரத்தில் நிறுவிய ஆரோக்கிய நிலையம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். ஏழைக்கு இடம் ஏது? சேத்துப்பட்டில் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள். ஒரே மாத்திரைகளைத் தந்து, பாதிப் பேரை ஆரோக்கிய நிலையத்திலும் பாதிப் பேரை அவரவர் குடிசையிலும் வைத்தால் என்ன ஆகும்? இருநூறுக்குச் சற்றுக் குறைவான சென்னை நகர ஏழைகள் அந்த ஆய்வில் பங்கு கொண்டார்கள். ஓராண்டு மருந்து. வீட்டிலிருந்தோர் மாத்திரையை விழுங்கினார்களா என்றறியச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள்; மீதி மாத்திரைகளை எண்ணினார்கள்; சிறுநீரைச் சோதித்தார்கள். நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு, ஓய்வின்றி இருந்தவர்களும் ஏறத்தாழ ஆரோக்கிய நிலையத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். அவர்களால் வீட்டிலுள்ளோருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகின் காசநோய் மருத்துவமே அதன்பின் வழி மாறிற்று.

இந்த வெற்றியில் கதாநாயகன் யார்? ஆய்வை முன்னின்று நடத்திய வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரா? அவருக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் சந்து சந்தாக நடந்து மாத்திரை எண்ணிய பணியாளர்களையும், ஓராண்டு நாள் தவறாமல் விழுங்கிய அந்த ஏழைகளையும் எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவர்களுக்காக ஒரு நாவல் எழுதப்பட்டதாக நாம் அறியோம்.

மருந்து முன்பே கைக்கு வந்துவிட்டது என்பதே நம் வாதம். இன்று முழுச் சிகிச்சை ஆறே மாதம். அரசு இலவசமாகத் தருகிறது. அப்படியிருந்தும் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். 2025க்குள் நோயை ஒழிப்போம் என்று அரசு குறித்த கெடு வந்தது, நோய் போகவில்லை. சோறும் இதில் ஒரு மருந்துதான். ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் சத்துணவும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அவ்வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்தது. அரிசி கண்டுபிடிக்க எந்த மேதை வேண்டும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதே, அதன்பின் வலையை விரிக்க முடியாமல் கரையில் உட்கார்ந்தவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதும் மருத்துவக் கேள்விதான். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ செய்வதும் மிக எளிய காரியம்: நோய் கண்டவுடன் எடை பார்ப்பது, மூச்சை எண்ணுவது, கால் வீக்கத்தைப் பார்ப்பது, எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்பது, நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது.

புதிய மருந்துகள் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. பழைய மாத்திரைகளுக்கு அடங்காத காசநோய்க்குப் பெடாக்குலின் வந்தது 2012இல். அது அறிவியலின் அருங்கொடை. ஆனால் அதன் விலையைப் பிடித்து வைத்திருந்த காப்புரிமையை மேலும் நீட்டிக்க நிறுவனம் முயன்றபோது எதிர்த்து வழக்காடியவர்கள் எந்த மேதையுமல்லர். பழைய ஊசி மருந்துகளால் செவிப்புலனை இழந்து, காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமெசா டிசிலே. 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. நம் பெண்மக்களுக்குச் சொல்ல ஒரு வீரக்கதை வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். நோயை ஒளிக்காமல் தன் பெயரோடு ஊரறியச் சொன்ன பெண்ணின் கதை இது.

முகத்துவாரக்குப்பத்து இளைஞரிடம், மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று நண்பர் கேட்டார். இருமல் நின்றுவிட்டது என்றுதான் முதலில் சொன்னார். சற்று நேரம் கழித்து, தாயார் உள்ளே போனபின், வேறொன்று சொன்னார். முதல் நாளிலிருந்தே சிறுநீர் செந்நிறமாகப் போயிற்றாம். இரத்தம் என்று நினைத்து, யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு மாதமும் அச்சத்தோடேயே விழுங்கியிருக்கிறார். ரிஃபாம்பிசின் மாத்திரையை உண்ணும் எல்லாருக்கும் அந்த நிறம் வரும். அது மருந்தின் நிறம். ஒரு வரியில் சொல்லிவிடக் கூடிய செய்தி. நண்பர் சொன்னார். இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. திங்கட்கிழமை சளியைச் சோதிக்கக் கொடுப்பதென்றும், நண்பர் உடன் போவதென்றும் முடிவாயிற்று. தேநீர் அருந்திவிட்டுப் புறப்பட்டோம்.