‘சராசரி பலன்’னு சொல்றாங்களே, அந்த சராசரியில நீங்க இருக்கீங்களா?

ஃபைனான்ஸ் கோர்ஸ் விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஒரு வரி இருக்கும்: “ஆராய்ச்சியில நிரூபிக்கப்பட்டது.” எந்த ஆராய்ச்சி?

2014-ல ஃபெர்னாண்டஸ், லின்ச், நெட்டமேயர் மூணு பேரும் 201 ஆய்வுகளைத் தொகுத்தாங்க. மக்களோட பணப் பழக்கத்துல இருக்கிற வித்தியாசத்துல வெறும் 0.1 சதவீதத்தைத்தான் நிதிக் கல்வி விளக்குதுன்னு வந்துச்சு. 2022-ல கைசர், லுசார்டி குழு 33 நாடுகளோட 76 ரேண்டம் சோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்து, பலன் இருக்கு, சீக்கிரம் கரையறதுக்கும் ஆதாரமில்லைன்னாங்க. எது சரின்னு சண்டை போடுறதுல எனக்கு ஆர்வம் இல்லை.

சும்மா ஒரு உதாரணம். அரியலூர் சிமென்ட் ஆலையில சராசரி சம்பளம் 42,000, பெரம்பலூர் டயர் ஆலையில 35,000னு வெச்சுக்கோங்க. உடனே அரியலூர் பஸ் ஏறிடுவீங்களா? அங்க பாதிப் பேர் 20 வருஷ சீனியரா இருந்தா? 3 வருஷ அனுபவத்துக்கு ரெண்டு இடத்துலயும் எவ்வளவுன்னுதானே பார்க்கணும்!

மெட்டா-ரிக்ரஷன் பண்றதும் இதான். ஆளுக்குப் பதிலா ஒவ்வொரு ஆய்வும் ஒரு வரி. துல்லியமான ஆய்வுக்கு எடை அதிகம். எத்தனை மணி நேரப் பாடம், எத்தனை மாசம் கழிச்சு அளந்தாங்க, யாருக்கு நடத்தினாங்க, இதெல்லாம் மாடரேட்டர். கிடைக்கிற சமன்பாட்டுல உங்க நிலைமையைப் போட்டா வர்றதுதான் சரிசெய்த பலன். 2014 ஆய்வுல அப்படிப் பார்த்தப்போ, நிறைய மணி நேரம் பாடம் நடத்தினாலும் 20 மாசம் தாண்டினா பலன் கிட்டத்தட்ட இல்லை. அந்த 0.1-ஐ விட இந்தத் தகவல்தான் பெருசு.

ஆனா ஜாக்கிரதை. ஆர்வம் இருக்கிறவங்கதான் நீளமான கோர்ஸுக்கே வந்திருக்கலாம்; அப்போ பலன் மணி நேரத்தாலயா, ஆர்வத்தாலயா? உங்களை மாதிரி ஆளுங்க எந்த ஆய்வுலயும் இல்லைன்னாலும் சமன்பாடு ஒரு நம்பரைக் கொடுத்துடும். அது வெறும் ஊகம்.

நம்ம நாட்டு ஆதாரம், வீடியோ போடுற எனக்கே கொஞ்சம் உறைக்குது. அகமதாபாத்ல வீடியோ மூலமா நிதிப் பாடம் நடத்தின சோதனை, 2019-ல வெளியாச்சு. பாடத்தோட இலக்கு வைக்கிறதும் தனிப்பட்ட ஆலோசனையும் சேர்ந்தப்போதான் கையில இருக்கிற பணத்துல மாற்றம் தெரிஞ்சுது. தேர்வுல நல்ல மார்க் வாங்கினா காசுன்னு சொன்னது வேலைக்கே ஆகலை.

அதனால என் வரி வீடியோவை இப்போ பார்க்காதீங்க. ஏப்ரல்ல பழைய முறையா புதுசான்னு ஹெச்.ஆர். கேட்கிற வாரம், சம்பளச் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டுப் பாருங்க. கோர்ஸ் விக்கிறவர்கிட்ட, “பலனை எத்தனை மாசம் கழிச்சு அளந்தீங்க?”ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா அந்தக் காசு ஆர்.டி.யிலேயே இருக்கட்டும்.