விசைப்பலகையில் தமிழுக்கு இடம் எங்கே?

வேலூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், சவ்வாது மலையின் மடியில் அமைந்த ஊர் அமிர்தி. பெயரில் வடமொழிச் சாயல் ஏறியிருப்பினும் ஊர் தமிழூரே. அங்குள்ள அருவியையும், 1967-இல் தொடங்கப்பெற்ற விலங்குக் காட்சிச் சாலையையும் காண நகரத்தார் மலைநோக்கி வருவர். அதே வழியில் படிப்பும் பிழைப்பும் தேடி இளையோர் கீழிறங்குவர். படிப்புக்கு வேலூர்க் கல்லூரிகள்; கூலிக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலகங்கள். பட்டம் பெற்றவர் தொழிலகத்துள் செருப்புத் தைக்கும் பொறியின்முன் அமர்வதா, அலுவலக மேசைமுன் அமர்வதா என்பதை இன்று முடிவு செய்வது பட்டத்தோடு கூட வரும் இன்னொரு தாள். அதுவே கணினிச் சான்றிதழ்.

அரசுப் பணிக்கும் அத்தாள் வேண்டும். தமிழ்நாட்டரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் 2024-ஆம் ஆண்டு நான்காம் தொகுதித் தேர்வில் தட்டச்சர் பணி நாடியோர்க்குத் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்ச்சியோடு, அலுவலகத் தன்னியக்கத்துக்கான கணினிச் சான்றிதழும் தகுதியாகக் கூறப்பட்டது. அச்சான்றிதழைத் தொழில்நுட்பக் கல்வித்துறை வழங்குகிறது. 2022 மார்ச்சு முதல் நாளில் தொடங்கப்பெற்ற 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ்க் கல்லூரிகளிலும் கணினித் திறன் பயிற்சிகள் நடைபெறுகின்றன. இவற்றைப் பெறாதே என்று எந்தத் தமிழன்பரும் சொல்லார், சொல்லவும் கூடாது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் அறிவுக்கு மாறானதன்று. அயன்மொழி மேலாண்மைக்கு மாறானது. மலையூர்ப் பிள்ளைகள் முதலில் இச்சான்றிதழைப் பெறட்டும். தெருமுனைப் பயிற்றகம் பகட்டான பெயரிட்டு விற்கும் தாளுக்குப் பணத்தைக் கொட்டுமுன், அத்தாளை அரசுத் தேர்வாணையம் ஏற்குமா என்று கேட்டுத் தெளியட்டும். தாயின் கூலியில் கட்டப்படும் கட்டணம் அது.

ஆனால் சான்றிதழின் உள்ளீடு யாது? கடிதம் வரைதல், கணக்குத்தாள் அமைத்தல், படவில்லை காட்டுதல் ஆகியனவே. நல்லனதாம். ஆயினும் திரையில் தோன்றும் கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிற்க, அவற்றின் பொருளை உணராமல் இருக்குமிடத்தை மட்டும் உருப்போட்டுத் தேறும் மாணவர் உண்டு. கணினியில் தமிழில் ஒரு விண்ணப்பமேனும் வரையாமல் ஒருவர் சான்றிதழைக் கைப்பற்றிவிட முடியுமாயின், 1956-ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டத்தின்படி தமிழில் இயங்கவேண்டிய அலுவலகத்துக்கு அவர் எவ்வாறு தகுதியாவார்?

கைப்பேசியைப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளை தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தால் தட்டுகிறது. பொறி அதனைத் தமிழாக்கித் தருகிறது. இதனை வசதி என்கின்றனர். தமிழில் நினைத்ததை ஆங்கில எழுத்தாகப் பிளந்து மீண்டும் தமிழாக ஒட்டும் இந்தச் சுற்றுவழியா வசதி? ளகர லகரமும், ணகர நகர னகரமும் எந்த விசையில் உள்ளன என்று திகைத்துத் தவறான எழுத்தோடு அனுப்பிவிடும் பிள்ளைக்கு நாளடைவில் அவ்வேறுபாடே மறந்துபோகும். ழகரத்துக்கு இரண்டு உரோமன் எழுத்தைத் தேடும் கைக்குத் தன் மொழியின் தனியெழுத்து நினைவில் நிற்குமா?

நேர்வழி இல்லையா? இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாக, அவ்வாண்டே தமிழ்நாட்டரசு ஒரு விசைப்பலகையைத் தரப்படுத்திற்று. 'தமிழ் 99' என்பது அதன் பெயர். அதன் அமைப்பைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறை கண்ணாரக் காணவேண்டும். உயிர் பன்னிரண்டு இடக்கைப்புறம். மெய் பதினெட்டு வலக்கைப்புறம். ஆய்தமும் புள்ளியும் ஒரே விசையில். ஆக 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கும். முதலெழுத்து முப்பது என்று ஆறாம் வகுப்பில் கற்ற இலக்கணம் அப்படியே விரலுக்கு வந்துவிடுகிறது! மகர விசையைத் தட்டி இகர விசையைத் தட்டினால் 'மி' பிறக்கும். உயிர்மெய்ப் புணர்ச்சியே அது. 'அம்மா' என எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் தட்டினால் போதும். இரட்டிக்கும் மெய்யின்மேல் புள்ளி தானே அமரும். 'தங்கம்' என்பதில் ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தவுடன், இனவெழுத்தென உணர்ந்து பலகையே புள்ளியிடும். 'தமிழ்' என்பதற்கு ஐந்து தட்டு. உரோமன் வழியில் சென்றால் ஏழு. பழைய தட்டச்சுப் பலகையிலோ கொம்பை முதலில் இட்டு எழுத்தைப் பின்னர் இடவேண்டும். ஒலிமுறை அங்குத் தலைகீழாகும். யாழ்ப்பாணத்து முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறி அமைத்த அருஞ்செயலைக் குறைத்துப் பேசுவதன்று இது. இரும்புப் பொறிக்குரிய கட்டாயம் கணினிக்கு இல்லை.

இத்தகைய பலகையை வகுப்பறையிற் காட்டாமல் கணினிப் பயிற்சி நடத்துவது, கிணறு இருக்கக் கானலைத் தேடுவதாகும்.

சொல் இல்லை என்பார் இன்னும் சிலர். அவர்கள் தோல் வட்டாரத்துக்கு ஒருமுறை வரட்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட தொழிலாளி, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்தலையும் மயிர் களைதலையும் சதை வழித்தலையும் எம்மொழியிற் சொன்னார்? எந்த அகராதியைக் கேட்டுச் சொன்னார்? கைபட்ட தொழிலுக்குச் சொல் கையோடு வரும். கணினிக்கும் வந்துவிட்டது. கோப்பு, கோப்புறை, வெட்டு, ஒட்டு, சேமி, அச்சிடு, விரிதாள், எழுத்துரு, உலாவி ஆகிய இவற்றுள் எது விளங்காதது? தமிழ் முகப்புடைய மென்பொருள்களும் உள்ளன. கட்டற்றதாய் விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீசு அவற்றுள் ஒன்று. பயிற்றகக் கணினியில் மொழியை மாற்றிவைக்கச் சில நிமையம் போதும். மாற்றும் மனந்தான் வேண்டும்.

'இணையம்' என்னும் சொல்லையே சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்ததாகக் கூறுவர். மலேசிய முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1980-களிலேயே உருவாக்கினார். கடல்கடந்த தமிழர் முந்தினர், தாயகம் பிந்திற்று. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்து, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்குகிறது. 2010 கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியும் அனைத்தெழுத்துக் குறியாக்கமும் அரசு முறையாயின. அதன் பின்னும் அலுவலகங்களிற் பழைய எழுத்துருவில் அடித்த ஓலை, வேறு கணினிக்குச் சென்றதும் உருக்குலைந்து நிற்கும் அவலம் முற்றும் ஒழிந்தபாடில்லை. ஒருங்குறி இன்னதென அறிந்த தட்டச்சர் ஒருவர் இருந்தால் அவ்வவலம் அவ்வலுவலகத்தில் அன்றே தீரும். அவ்வறிவைத் தரவேண்டியதும் இதே சான்றிதழ்ப் பாடந்தான்.

ஆதலின் வேண்டுவன பெரியனவல்ல. அரசு நடத்தும் கணினிச் சான்றிதழ்த் தேர்வின் செய்முறைப் பகுதியில், தமிழ் 99 பலகையால் ஒருங்குறியில் ஒரு முழு அலுவலகக் கடிதம் வரைவது கட்டாயமாக்கப்படல் வேண்டும்; அதில் தவறினோர் தேறாதோரே. 2021 திசம்பரில் தேர்வாணையத் தேர்வுகள் அனைத்திலும் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கி நூற்றுக்கு 40 எனத் தேர்ச்சி மதிப்பெண் வரையறுத்த அரசுக்கு இது மலையன்று. கல்லூரிகளில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் எதிரெதிர்க் கட்டடத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று எட்டிப்பாராதிருக்கும் நிலையை அக்கல்லூரி முதல்வர்களே மாற்றலாம். கிழமைக்கு ஒரு மணிநேரம் தமிழாசிரியர் கணினிக் கூடத்துக்குச் செல்லட்டும். மலையடிவாரப் பள்ளிகளில் உள்ள கணினிகளிலும் 31 விசைகளுக்குரிய தமிழ் எழுத்து ஒட்டுத்தாளை ஒட்டிவைக்க ஆகும் செலவு, ஓர் ஆண்டுவிழாவின் மாலைச் செலவினும் குறைவு.

அமிர்தியிலிருந்து பேருந்தேறி வரும் மாணவி நாளை வட்டாட்சியர் அலுவலகத்தில் அமரக்கூடும். பட்டா கேட்டும் சாதிச் சான்று கேட்டும் அவர் ஊரார் வந்து நிற்கும்போது, அவ்விண்ணப்பத்துக்குரிய மறுமொழியைப் பிழையின்றித் தமிழில் தட்டித்தர அவருக்கு இவ்வாண்டே கற்பிக்க வேண்டும்.